கட்டில் உயரத்துச் சன்னல்

ராயபுரத்து வீட்டின் மாடியறையில், பழங்கட்டடங்களை ஆராய்கிற செங்கொடி சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். மேலே மஞ்சள், அதன்கீழ் பச்சை, அதற்கும் கீழே பால்வெள்ளையாகப் பழைய சுண்ணாம்பு. “நூத்திமுப்பது வருசமாவது இருக்கும், பாய்” என்கிறாள். வீட்டுக்காரர் ஹுமாயூனின் முகம் மலர்கிறது. வீட்டை இடித்து விற்கத் துடிக்கிற தம்பிகளுக்கு எதிராக அவர் நம்பியிருப்பது இந்தப் பெண் எழுதப்போகும் அறிக்கையைத்தான். கட்டியபோது இருந்தபடியே மீட்டெடுக்க முடியுமென்றால், ஓர் அறக்கட்டளை வீட்டை ஏற்றுப் பாதுகாக்கும். கிழக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னச் சன்னல். அதன் வழியே காலை வெயிலும் துறைமுகத்து லாரிகளின் ஹாரன் சத்தமும் அறைக்குள் வருகின்றன. செங்கொடி குனிந்து அதன் ஓரத்தைத் தட்டுகிறாள். சிமெண்டு உதிர்கிறது.

“இது பின்னாடி வெச்சது. எந்த வருசம்னு தெரியுமா?”

“ரெண்டாயிரத்து ஒம்போது. என் சம்சாரம் காத்தூன் படுத்த படுக்கையா கெடந்தா. கப்பலையாவது பாத்துகினு கெடக்குறேன்னா. நாந்தான் சொவத்த ஒடச்சேன். மவுத்தாற வரிக்கும் இதுலதாம்மா பாத்துகினு இருந்தா.”

செங்கொடியின் பென்சில் தாளின்மேல் அப்படியே நிற்கிறது. “இத அடைச்சாதான் அறக்கட்டளைக்காரங்க ஒத்துப்பாங்க, பாய்.”

 கட்டில் கிடந்த இடத்தில் ஹுமாயூன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்காருகிறார். தூரத்தில் ஒரு கப்பல் கிளம்பியிருக்கிறது. அது சன்னல் சட்டத்தைக் கடந்து மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, “எழுதிக்கம்மா” என்கிறார்.