ஆமாவும் கிடையாது, இல்லையும் கிடையாது

டிரைவர் பாறை கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓங்கி அறைந்தான். நாற்காலியோடு கட்டப்பட்டிருந்த பெண் நிருபரின் தலை கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. உதடு கிழிந்து ரத்தம் காலரில் சொட்டியது.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த முதலாளியின் வயிறு அந்தச் சத்தத்தில்தான் கொஞ்சம் குளிர்ந்தது. அவள் செய்து வைத்திருந்த வேலை அப்படி.

விடிந்தால் தேர்தல். ஓட்டுச்சாவடியில் குண்டு வெடித்து ஜனங்கள் சிதறி ஓடுவதுபோல ஒரு பொய் வீடியோவைத் தயாரித்து, ஊரிலுள்ள போன்களுக்கெல்லாம் பரப்பியிருந்தார் முதலாளி. பாதி ஊர் ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்ளத் தயாரான நேரத்தில், இவளுடைய பத்திரிகை முதல் பக்கத்திலேயே குட்டைப் போட்டு உடைத்துவிட்டது. போதாக்குறைக்கு, “பயந்துபோய் ஒருத்தனும் ஓட்டுப் போட வரக்கூடாது” என்று அவர் திருவாய் மலர்ந்த ஒலிப்பதிவையும் இணையதளத்தில் ஏற்றியிருந்தாள்.

“நான் அதைப் பேசினது என் கார்ல,” என்றார் முதலாளி. “உள்ள இருந்தது மூணே பேரு. நான், என் மச்சான், கணக்குப்பிள்ளை. என் குரலை நானே குடுத்திருக்க மாட்டேன். மிச்ச ரெண்டு பேருல எவன்?”

“சொல்ல முடியாது.”

“மச்சான் இல்லைன்னாவது சொல்லித் தொலை. என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்.”

“எந்தப் பேரைக் கேட்டாலும் ஆமாவும் கிடையாது, இல்லையும் கிடையாது. ஒருத்தர் இல்லைன்னு சொன்னா மிச்சமிருக்கிறவர் மாட்டிக்குவாரு. எங்க தொழில்ல அதுவும் காட்டிக் குடுக்கிறதுதான்.”

“தொழிலாம் தொழில்!” முதலாளி குறடை எடுத்தார். “எவன்னு தெரிஞ்சா இந்தத் தரையிலயே புதைச்சு மேல சிமென்ட் பூசிடுவேன். பாறை, அவ கையைப் பிடி.”

பாறை பிடித்தான். பத்திரிகையில் எழுதும் கை, வலது கை. சுண்டுவிரலைக் குறடுக்குள் கொடுத்து முதலாளி ஒரு திருகு திருகினார். விரல் முறிந்தது. அவள் அலறிய அலறலில் கிடங்கின் தகரக்கூரை அதிர்ந்தது.

அலறல் அடங்கியதும் அவள் உதடு மெல்ல அசைந்தது. முதலாளி ஆவலோடு குனிந்தார். அந்த நேரம் பார்த்து பாறை அவள் வாயிலேயே குத்தினான். பல்லொன்று தரையில் விழுந்தது.

“அறிவுகெட்டவனே! பேச வாயைத் திறந்தவளை எதுக்குடா அடிச்சே?”

“கோவம் தாங்கல முதலாளி. உங்களுக்குப் போய் துரோகம் பண்ணிட்டாங்களே.”

முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. சொந்த மச்சானையே நம்ப முடியாத காலத்தில், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க இப்படி ஒருத்தனாவது இருக்கிறானே!

போன் அடித்தது. கட்சித் தலைவர். முதலாளி குறடைப் பாறையின் கையில் திணித்தார்.

“நான் பேசிட்டு வர்றதுக்குள்ள பேரு வெளிய வரணும். இன்னும் ஒன்பது விரல் இருக்கு.”

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனில் தலைவர் கிழிகிழி என்று கிழித்தார். டிவிக்காரர்களும் ஒலிப்பதிவைப் போட ஆரம்பித்துவிட்டார்களாம். ஜனங்கள் கட்சி அலுவலகத்தில் கல்லெறிகிறார்களாம். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. தலைவர் ஒருவழியாகப் போனை வைத்த பிறகுதான் உள்ளே ஓர் அலறலும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

“என்னடா, சத்தத்தையே காணோம்?” என்று கதவைத் தட்டினார்.

உள்ளே பாறையின் ஓங்கிய கை அப்படியே நின்றிருந்தது. முகமெல்லாம் கண்ணீர். அவள் வாயில் நிறைந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படிச் சொன்னாள்.

“ஓங்கி அடி தம்பி, குடுத்தது நீதான்னு அவனுக்குத் தெரியவே கூடாது.”