குரங்கு கடித்த ஒயர்

தல்ஹாவின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி, திருமலை அவன் வாயிலேயே ஓங்கி அடித்தான்.

உதடு கிழிந்தது.

தல்ஹா இன்டர்நெட் லைன்மேன். கனெக்‌ஷன் போய்விட்டது என்று போன் வந்ததால் அடி அண்ணாமலை கிராமத்தில் திருமலையின் வீட்டுக்கு வந்திருந்தான். வண்டியிலிருந்து ஏணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"ரெண்டு ஏஸ்டா! கையில ரெண்டு ஏஸ் வெச்சிருக்கிறப்ப கட் பண்ணிட்டியேடா!"

போக்கர் ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் திருமலையின் சீட்டு தானாகக் கவிழ்ந்து, கட்டிய பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. ஆப்காரர்களுக்குப் போன் செய்து கத்தினான். கோளாறு உங்கள் லைனில்தான் என்றார்கள்.

அடுத்த அடி பிடரியில் விழுந்தது. தல்ஹா மண்ணில் குப்புற விழுந்தான். விலாவில் ஒரு உதை.

திருமலையின் மனைவி கீர்த்தனா ஓடி வந்து குறுக்கே நின்றாள். அவன் பிடித்துத் தள்ளியதில் அவளுடைய இடது கை கேட்டில் மோதியது. மாவுக்கட்டுப் போட்ட கை.

போன மாதம் நெட் நின்றபோது பழி அவள் மேல் விழுந்திருந்தது. கூட்டும்போது பிளக்கை இழுத்துவிட்டாளாம்.

தல்ஹா அந்தக் கட்டைப் பார்த்தபடியே எழுந்தான்.

"மேல போயி ஒயரைப் பாத்துட்டு வந்துடறேன் சார். அப்பறம் அடிங்க."

மாடிக்குத் தனியாகத்தான் போனான். திருமலை கீழே நின்று ஆப்காரர்களை மறுபடியும் போனில் திட்டிக்கொண்டிருந்தான். கீர்த்தனா மாடிப்படியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தல்ஹா இறங்கி வர நேரமாகியது. வரும்போது கையில் அறுந்த ஒயரின் இரண்டு முனைகளையும் நறுக்கிக் கொண்டுவந்திருந்தான். இரண்டும் நசுங்கி, தோல் உரிந்து, உள்ளே நார் பிதுங்கியிருந்தது.

"குரங்கு சார். கடிச்சிக் கொதறி வெச்சிருக்குது. புது ஒயருதான் இழுக்கணும்."

திருமலை குனிந்து பார்த்தான். பல் பதிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஒயரைக் கீழே வீசிவிட்டு, கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து எறிந்தான். மாடிச் சுவரில் குட்டியோடு உட்கார்ந்திருந்த குரங்கின் முதுகில் அது விழுந்தது. அலறிக்கொண்டு அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவியது. இன்னொரு கல்லோடு அவன் தெருவில் துரத்திக்கொண்டு ஓடினான்.

கீர்த்தனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கீழே கிடந்த ஒயரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

காலையில் துணி காயப்போடுகிற சாக்கில், ஈரத்துணிக்கடியில் காய்கறிக் கத்தியை மறைத்துக்கொண்டு அவள்தான் மேலே போயிருந்தாள். ஒயரைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரே வெட்டு. வெண்டைக்காய் நறுக்கியதுபோல் சுத்தமாக விழுந்திருந்தது.

தல்ஹா சொம்பை வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினான்.

ரத்தத்தோடு கறுப்பாக ஒயர்த்தோல் துணுக்குகளும் மண்ணில் விழுந்தன.

தெருமுனையில் திருமலையின் குரல் திரும்பி வருவது கேட்டது. தல்ஹா செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி, துப்பியதை மூடினான்.