டொக் டொக்

"கேட்டுச்சா? இன்னிக்கும் ஆரம்பிச்சாச்சு!" என்று செய்தித்தாளை மடித்தார் அப்பா.

தரைக்கு அடியிலிருந்து மறுபடியும் வந்தது. டொக் டொக். கீழ்வீட்டுத் தையல்கார அம்மா, ஒட்டடைக் கம்பால் மேல்தளத்தை இடிக்கும் சத்தம்.

ஒரு பக்கம் முடிந்து ரிக்கார்டைத் திருப்பிப் போடப் போன பத்து வயது மகள், வாடிய முகத்தோடு அதை உறைக்குள் வைத்தாள்.

"கண்டக்டர் வேலை பாத்து, நாள் முழுக்கக் கத்திட்டு வரேன். வீட்டுலயும் வம்பா? இன்னும் ஒரு தடவை அந்தம்மா தட்டட்டும், பிளேயரைத் தூக்கி உங்க அத்தை வீட்டுல போட்டுடறேன்."

"கம்மியாத்தான்பா வச்சேன்!"

முதல் ரிக்கார்டை அவள் வாங்கியது அட்டையில் இருந்த கரடிப் படத்துக்காக. சுவரில் மாட்டி வைத்திருந்தாள். மாமா தன் பழைய பிளேயரைக் கொடுத்த பிறகுதான் கரடிக்குள் ஒரு வயலின் இருப்பது தெரிந்தது. அன்று பிடித்த பைத்தியம். பிறந்தநாளுக்குச் சட்டை வேண்டாம், ரிக்கார்டு போதும் என்றாள். இப்போது பதினேழு சேர்ந்துவிட்டன. பல் தேய்க்க மறந்தாலும் ரிக்கார்டைத் துடைக்க மறக்கமாட்டாள்.

மறுநாள் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். டொக் டொக். அப்பா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை, பிழைத்தாள். அடுத்த நாள் பிளேயருக்கு அடியில் போர்வையை மடித்து வைத்து, காதை ஒட்டினால்தான் கேட்கும் அளவுக்குக் குறைத்தாள்.

டொக் டொக்! அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது.

"அந்தம்மாவுக்குப் பாம்புக் காதுதான்" என்றாள் அம்மா. இந்த முறை அப்பாவும் வீட்டில் இருந்தார்.

சொன்னபடியே பிளேயரைத் துண்டில் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். மகளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேம்பா. ஒரே ஒரு தடவை!"

டொக் டொக்.

அப்பா முடிச்சை விட்டார். "பெட்டியே பாடலை, இதுக்குமா தட்டுவாங்க? இதை ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

தடதடவென்று படியிறங்கினார். கரடி ரிக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் பின்னாலேயே ஓடினாள்.

கழுத்தில் அளவு நாடா, கையில் ஒட்டடைக் கம்பு. கதவைத் திறந்தார் தையல்கார அம்மா.

"ஏம்மா, உங்களுக்கே இது நியாயமா? பாவம், பொண்ணு பயந்து பயந்து சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வரா. நீங்க என்னடான்னா..."

"அதைத்தான் நானும் கேக்கறேன்! எதுக்குக் குறைக்கிறா? மெஷின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. ஒருநாளாவது ரிக்கார்டோட பின்பக்கத்தைப் போடறாளா?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "அப்ப... எதுக்கு ரெண்டு ரெண்டு தட்டாத் தட்டினீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! தினமும் உங்க பஸ்லதானே வரேன்? நிறுத்தச் சொல்றதா இருந்தா ஒண்ணு தட்டியிருக்க மாட்டேனா? ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம் ரைட்! கண்டக்டர் வீட்டுக்கு இதுகூடவா புரியல?"