வயிற்றில் விழுந்த வெயில்

வானம் பார்த்து நாள் சொல்லும் கிழவர் மூவான் இலவ மரத்தடியில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இலை இடுக்குகளில் வழியும் வெயில் மண்ணில் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. கிரகணத்தில் சூரியன் கடிபட்டால் இந்த வட்டங்களும் கடிபடும். அண்ணாந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மடியில் மரப்பட்டை ஏடு. அதில் நாள்களை எண்ணித்தான் இன்று கிரகணம் என்றார். அவர் சொல்லை நம்பி அரசர் போருக்குக் கிளம்பிய படையை நிறுத்திவிட்டார். திடலில் ஊரே நிற்கிறது. சூரியனைக் கடிப்பதை விரட்ட நாய்கள் ஊளையிட வேண்டும். கிள்ளுவதற்கு ஆளுக்கொரு நாயின் காதைப் பிடித்திருக்கிறார்கள். உச்சிவேளை தாண்டிவிட்டது.

"என்ன பெரியவரே, சூரியன் முழுசாத்தானே இருக்கு? நாய்ங்க காதுதான் வீங்கிப்போச்சு" என்கிறான் படைத்தலைவன் சோட்ஸ். திடல் முழுக்கச் சிரிப்பு. "பொழுது சாயறதுக்குள்ள வரலேன்னா, ஏட்டையும் உம்மையும் சேத்தே கொளுத்துவேன்."

வந்துடு, வந்துடு என்று மூவானின் உதடு மட்டும் அசைகிறது.

கூழ்க் குடுவையோடு மகள் இஷ்நிக் வருகிறாள், நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி. கடிபட்ட வெயில் கருவையும் கடிக்கும் என்று விடியற்காலையில் அவளை வீட்டுக்குள்ளே விட்டு, வாசலைப் பாயால் மூடியவர் அவர்தான்.

"எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுப்பா. இன்னிக்கு ஒண்ணும் வராதாமே. இந்தாங்க, குடிங்க."

குனிந்து நீட்டுகிறாள். அவள் வயிற்றின் வெள்ளைத் துணியில் ஒரு வெயில் வட்டம் வந்து உட்காருகிறது. அதன் ஓரத்தில், சோள ரொட்டியை யாரோ கடித்தாற்போல, ஒரு துண்டு இல்லை.