சுண்ணாம்புச் சட்டை போட்ட திருகாணி

கிட்ட வந்து உட்காருங்க. இது ஒரு காலுக்குள்ளே நடந்த கதை, சத்தமாச் சொன்னா எலும்புக்குக் கேட்டுடும்.

மார்க்கபந்துவின் தொடை எலும்பு உடைந்துபோனது. தாங்கிப் பிடிக்க வந்த முதல் திருகாணியை எலும்பு ஒட்டவே விடவில்லை. அது ஆடி ஆடிக் கழன்றே போச்சு. இன்னொன்றும் கழன்றால் மனுஷன் நடக்கவே முடியாது. அதனால் டாக்டர், அடுத்ததுக்கு எலும்பு மாதிரியே ஒரு சுண்ணாம்புச் சட்டை போட்டு அனுப்பினார்.

"யாருடா நீ?" என்றது எலும்பு.

"என்னைத் தெரியலையா அத்தை? தடவித்தான் பாருங்களேன்."

எலும்பு தடவிப் பார்த்தது. "அட, நம்ம வீட்டுப் பிள்ளை!" என்று சுற்றி வளர்ந்து அணைத்துக்கொண்டது.

போகப் போகச் சட்டை கரைந்தது. உள்ளேயிருந்த உலோகம் பல்லைக் காட்டியது.

"அடப்பாவி, வேத்தாளா நீ! ஏமாத்திட்டியே, வெளியே போடா!"

"போறேன் அத்தை. முதல்ல நீங்க கையை எடுங்க."

எலும்பு கையை எடுக்கப் போன நேரம் பார்த்து மார்க்கபந்து கட்டிலைவிட்டு எழுந்து நின்றார். அவ்வளவு பாரமும் ஒரேயடியாக இறங்கியது. "ஐயோ!" என்று அலறி எலும்பு திருகாணியை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"விடுங்க அத்தை, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மயிரிழை அளவுக்கு அசைந்து காட்டியது திருகாணி.