மீட்டரில் ஐந்து மைல்

மரம் சுமந்த இடுப்பு விண்விண்ணென்று வலித்தாலும் ஞாயிறன்று ஜம்புலிங்கம் தன் காரைக் கழுவி மெழுகு போட்டுவிடுவார். ஊரில் கார் வைத்திருந்த மற்றவர்கள் வந்து மீட்டர் பார்ப்பார்கள்.

"அரே அண்ணே, வாரம் பூரா வண்டிய எடுக்கலேங்கிறீங்க. மறுபடி அஞ்சு மைல் கூடியிருக்கே! தூக்கத்துல நடக்குதா?" என்று அவர்களில் ஒருவரான அப்துல் வாஹித் சிரித்தார்.

ஜம்புலிங்கம் பெட்ரோலை வடித்தார். சக்கரங்களைக் கழற்றி, காரைக் கட்டைமேல் நிறுத்தினார். அடுத்த ஞாயிறும் ஐந்து மைல் கூடியிருந்தது. துடைத்த பின்சீட் ஈரமாக இருந்தது.

அவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து மைல். போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா பனிக்குடம் உடைந்து வாசலில் வந்து நின்றாள்.

"புது சீட்டும்மா, நனைஞ்சிடும். ஆஸ்பத்திரி ஜீப் வரும், பொறு" என்றார்.

அவள் நடந்தே போனாள். வழியிலேயே செத்தாள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு சவாரி, அவர் பொன்னம்மாவுக்குத் தர வேண்டிய பாக்கி.