தோர்கில்ஸின் ரொட்டிக் குழி

காரின் பின்பக்கம் கறுப்பு உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது ஆடி ஆடி வந்து, யாரோ பின்னால் உட்கார்ந்து கூப்பிடுவதுபோல ஹால்பெராவின் தோளைத் தொட்டது.

"அதைச் சுருட்டிக் கீழே போடு, யோருன். பார்க்கவே பிடிக்கலை."

"கசங்கிடும் அண்ணி. சாயங்காலம் பாதிரியார் வீட்டுக்குப் போகணும்ல?" காரை ஓட்டிக்கொண்டிருந்த யோருன், ஹால்பெராவின் கணவர் தோர்கில்ஸின் கூடப் பிறந்த தங்கை.

தோர்கில்ஸ் காணாமற்போய் மூன்று நாள் ஆகிவிட்டது. ஐஸ்லாந்தின் வடக்கே, கொதி ஊற்றுகள் புகைகிற வெட்டவெளியின் ஓரத்தில் அவருடைய கார் நின்றது. கொதிக்கும் சேற்றுக் குட்டை ஒன்றின் விளிம்பில் அவருடைய கம்பளித் தொப்பி கிடந்தது.

அதற்குமேல் தேட மீட்புக்குழுவுக்கு மனமில்லை. "துக்க மணி அடிக்கலாமா? நீங்க சொன்னாத்தான்" என்று பாதிரியார் கேட்டிருந்தார். ஒரே ஒரு தடவை என் கண்ணால் தேடிவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பியிருந்தாள் ஹால்பெரா.

காலையிலிருந்து மழை விடவில்லை. ஊற்று ஊற்றாக நிறுத்தி இறங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒன்று நீலமாக, அடி தெரியாமல், அசையாமல் கிடந்தது. அடுத்தது இவர்கள் கிட்டே போனதும் குமுறி, பனை உயரத்துக்குச் சீறியடித்துவிட்டு மறுபடி குழிக்குள் வடிந்தது. வடிகிற நீரையே பார்த்து நின்றாள் ஹால்பெரா.

"அவ்வளவு பக்கத்துல போகாதீங்க! மேல இருக்கிறது வெறும் பொருக்கு. மழையில ஊறிப்போயிருக்கு. கால் வச்சா உள்ளதான்."

"இங்கேயே பொறந்து வளர்ந்த மனுஷனுக்கு அது தெரியாதாடி?"

"கோபத்துல யாருக்குக் கண்ணு தெரியுது அண்ணி?"

கோபம்தான். அன்றைக்கு ஹால்பெரா கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, ஊற்றுச் சூடு ஏறிய மண்ணில் தன் கையால் புதைத்து வேகவைத்த ரொட்டியைத் தவிர வேறெதையும் மேசையில் வைக்கவிடாதவர் தோர்கில்ஸ். "உங்க ரொட்டி செங்கல் மாதிரி இருக்கு, என் பல்லு போச்சு" என்று இவள் சும்மா சிரித்தாள், பாவம். அவர் மாவு டின்னைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

காருக்குத் திரும்பியதும் யோருன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"சின்ன வயசுல அண்ணன் கோவிச்சுக்கிட்டா எரிமலைப் பாறைச் சந்துல போய் ஒளிஞ்சுக்கும். ஊரே தேடும். அண்ணன் பாறை மேல உக்காந்து வேடிக்கை பாக்கும்."

"அப்போ பள்ளிக்கூடப் பையன். இப்போ முட்டிக்கு மருந்து தடவுற கிழவர். அவர் எங்க பாறை ஏறுறது?" சிரிக்கப் போன ஹால்பெராவின் கண், மடியிலிருந்த தொப்பியில் விழுந்தது. கோப்பையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசியாக ரொட்டி மேட்டில் கார் நின்றது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி உண்டு, அடையாளத்துக்கு மேலே ஒரு கல். அடுத்த வீட்டுக் குழியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தோர்கில்ஸின் கல்லுக்கு நீலப் பூச்சு. அதைச் சுற்றி ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது.

"அன்னிக்கு இங்க வந்து மாவைப் புதைச்சிட்டுத்தான் அந்தப் பக்கம் போயிருப்பார். தோண்டு, யோருன்."

"எதுக்கு அண்ணி? ஒரு நாள் மண்ணுக்குள்ள இருந்தா ரொட்டி. மூணு நாள் கிடந்தா கரிக்கட்டை."

"கரியா இருந்தாலும் நான் திங்கணும். தின்னுட்டு மணி அடிக்கச் சொல்லிடறேன்."

யோருன் மண்வெட்டியை எடுத்தாள். தோண்டத் தோண்ட ஆவி முகத்தில் அடித்தது. கையுறையைத் தாண்டிச் சூடு ஏறியது. அடியில், மீன்பிடி நரம்பால் இறுக்கிக் கட்டிய, ரொட்டிக்கு அச்சாகும் பால் அட்டைப்பெட்டி. நரம்பின் நுனி பல்லால் கடித்து அறுக்கப்பட்டிருந்தது. அவர் பழக்கம் அது.

ஹால்பெரா ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"கொடு."

கைக்கு எதுவும் வரவில்லை. பெட்டி கிழியும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"கொடுடி. எப்படி இருந்தாலும் பரவாயில்லை."

யோருன் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே அழுத்தினாள். விரல் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"அண்ணி... இது இன்னிக்குக் காலையில வச்சது."